நியான் டெட்ராவின் சொந்தக்காரர்கள் யார்?

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் நியான் டெட்ராவைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் நீளங்கூட இல்லாத மீன். உடம்பில் ஒரு நீலக் கோடு, அதன் கீழே வால் பக்கம் மட்டும் சிவப்பு. அதோடு கார்டினல் டெட்ராவையும் பார்த்திருக்கலாம். அதே நீலம், ஆனால் சிவப்பு உடம்பு முழுக்க ஓடும். பார்த்தவுடன் "இரண்டும் அண்ணன் தம்பி" என்று சொல்லிவிடுவோம். அறிஞர்கள் அதைச் சொல்ல எத்தனை வருடம் எடுத்தது என்று தேடிப் படித்தேன். மீன்களைவிட அவற்றை வகைப்படுத்திய மனிதர்களின் கதை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

இவை கராசின் என்ற பெரிய கூட்டத்து மீன்கள். பிரானாவும் இந்தக் கூட்டந்தான். பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்க ஆறுகளில் வாழ்கின்றன. ஆப்பிரிக்க ஆறுகளிலும் சில கிளைகள் உண்டு.

இவற்றை முதலில் பெரிய அளவில் ஒழுங்குபடுத்தியவர் கார்ல் ஐகன்மன். ஜெர்மனியில் பிறந்து, 14 வயதில் அமெரிக்காவின் இந்தியானாவுக்கு வந்தவர். அவருடைய மனைவி ரோசா ஸ்மித்தும் மீனியல் அறிஞர். இருவரும் சேர்ந்து தென் அமெரிக்க மீன்களைப் பற்றி எழுதினார்கள். 1908இல் ஐகன்மன் பிரிட்டிஷ் கயானா ஆறுகளுக்கே போய் மீன் சேகரித்தார். 1917இல் 'அமெரிக்கன் கராசிடே' என்ற அவருடைய பெரிய நூல் பகுதி பகுதியாக வரத் தொடங்கியது. 1927இல் அவர் இறந்துபோக, ஜார்ஜ் மையர்ஸ் 1929இல் அதை முடித்து வைத்தார்.

ஐகன்மனின் முறையில் சின்ன டெட்ராக்களைப் பிரிக்க இரண்டு கேள்விகள் முக்கியம். நீரின் அசைவை உணரும் பக்கக் கோடு வால்வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா? வால் துடுப்பில் செதில் இருக்கிறதா, இல்லையா? கோடு முழுசு, வாலில் செதில் இல்லை என்றால் அஸ்டியானாக்ஸ். கோடு முழுசு, செதிலும் உண்டு என்றால் மோன்காசியா. கோடு பாதி, செதில் உண்டு என்றால் ஹெமிகிராமஸ். கோடும் பாதி, செதிலும் இல்லை என்றால் ஹைபெசோபிரைகன். நான்கு பெட்டிகள். கையில் ஒரு மீன் கிடைத்தால் பெயர் கண்டுபிடிக்க மிகவும் வசதி.

ஆனால் பெயர் கண்டுபிடிப்பது வேறு, உறவு கண்டுபிடிப்பது வேறு. பரிணாமத்தில் ஒரு மீன் இனம் உருவத்தில் சிறுத்துப்போகும்போது பக்கக் கோடும் குறுகிப்போவதுண்டு. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல கிளைகளில் இது தனித்தனியாக நடந்திருக்கிறது. ஆகவே ஒரே பெட்டியில் இருப்பவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது.

1936இல் மையர்ஸ் நியான் டெட்ராவை ஹைபெசோபிரைகன் பெட்டியில் வைத்தார். 20 வருடம் கழித்து ரியோ நீக்ரோ ஆற்றுப் பக்கத்திலிருந்து கார்டினல் டெட்ரா வந்தபோது போட்டியே நடந்தது. ஸ்மித்சோனியனில் இருந்த லியனார்ட் ஷுல்ட்ஸ் அதற்கு கெய்ரோடன் அக்செல்ரோடி என்று பெயர் வைத்தார். மையர்ஸும் இளம் ஸ்டான்லி வைட்ஸ்மனும் ஹைபெசோபிரைகன் கார்டினாலிஸ் என்றார்கள். முதல் பெயர் வெளியான தேதி 1956 பெப்ரவரி 20. இரண்டாவது, பெப்ரவரி 21! ஒரே ஒரு நாள் வித்தியாசம். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம் 1957இல் ஷுல்ட்ஸ் வைத்த பெயருக்கே தீர்ப்புச் சொன்னது.

யார் முந்தினார் என்ற கேள்வி இப்படி முடிந்தது. யாருக்கு யார் சொந்தம் என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்குப் பதில் தந்தவர்களில் ஒருவர், பெயர்ப் போட்டியில் தோற்ற அதே வைட்ஸ்மன்! மீன்களின் எலும்புகளைப் பல வருடம் பொறுமையாகப் படித்தவர் அவர். 1983இல் அவரும் வில்லியம் ஃபிங்க்கும் நியான், கார்டினல், பச்சை நியான் மூன்றையும் பாராகெய்ரோடன் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். தோற்றத்தை வைத்து நாம் ஊகித்ததை எலும்பும் தசையும் உறுதி செய்தன.

மற்றப் பெட்டிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2010இல் அர்ஜென்டினாவின் மார்கோஸ் மிராண்டே 300க்கும் மேற்பட்ட உடற்கூற்று அடையாளங்களை ஒப்பிட்டார். ஐகன்மனின் பெட்டிகள் பல உண்மையான குடும்பங்கள் அல்ல என்று தெரிந்தது. 2024இல் புரூனோ மெலோவும் அவரது குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டு, பழைய கராசிடே குடும்பத்தையே நான்காகப் பிரித்தார்கள். நியான் டெட்ரா இப்போது அசெஸ்ட்ரோராம்பிடே குடும்பத்தில் இருக்கிறது.

மீனை எந்தப் பெயரில் அழைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எந்தக் கிளை எப்போது எங்கே பிரிந்தது என்று தெரிந்தால்தான் அந்த ஆறுகள் எப்படிப் பிரிந்தன, சேர்ந்தன என்பதையும் ஊகிக்க முடியும். உறவைப் பிழையாக எழுதினால் ஆற்றின் வரலாறும் பிழையாகிவிடும்.

நமக்கும் பெட்டிகள் புதிதல்ல. கனடாவின் குடிசனக் கணக்கெடுப்பில் 'தெற்காசியர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணுவதற்கு அது உதவும். ஆனால் நம் ஆச்சி எந்த ஊர், அங்கிருந்து எப்படி இங்கே வந்தோம் என்பதை அது சொல்லாது. ஐகன்மனின் பெட்டிகளை நான் குறை சொல்லமாட்டேன். அவை இல்லாமல் பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பிடவே ஒன்றும் இருந்திருக்காது. பெட்டியோடு நின்றுவிடாமல் வைட்ஸ்மனைப் போல எலும்புவரை போய்ப் பார்த்தவர்களால்தான் மீதிக் கதை நமக்குக் கிடைத்தது.