இணை சேர மறுக்கும் பெண் முயல் மலடு அல்ல

தாப்பா: ஆண் முயலைக் கண்டதும் மூலையில் ஒடுங்கும் பெண் முயலை மலடு என்று முடிவுகட்டி இறைச்சிக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. அவசரம் வேண்டாம்.

ஆடு மாட்டைப்போல் முயலுக்கு நாள் கணக்கில் பருவம் வருவதில்லை. இணை சேர்ந்து ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியாகும். ஆனாலும், அது எல்லா நாளும் இணங்காது. வாலைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். பிறப்புறுப்பு வெளிறியிருந்தால் சில நாள் பொறுக்க வேண்டும். சிவந்து ஈரமாக இருந்தால் தயார்.

பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்கக் கடிக்கும். ஆணோ புது இடத்தை மோப்பம் பிடிப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும். ஆண் பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் காரியம் முடிந்தது.

கொழுத்த முயலும் மறுக்கும். பெல்லட் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டலாம்.

தாப்பாவில் பெரிய எதிரி வெயில்தான். கேமரன் மலைக்கு இங்கிருந்து சாலை ஏறுகிறது. ஆனால் மலைக்குளிர் அடிவாரத்துக்கு இறங்குவதில்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பெண்ணுக்கு நாட்டம் குறையும். ஆணின் விந்தும் கெடும். அது தேற இரண்டு மாதம் வரை பிடிக்கலாம். பழி மட்டும் பெண்ணின் மேல்! கூண்டைத் தகரக் கூரையின் கீழ் வைக்காமல் மர நிழலுக்கு மாற்றி, விடியற்காலையில் சேர்ப்பது நல்லது.

12 முதல் 14ஆம் நாளுக்குள் அடிவயிற்றை மெல்லத் தடவினால், சினையாக இருந்தால் திராட்சை அளவு உருண்டைகள் தட்டுப்படும். 28ஆம் நாள் வைக்கோல் போட்ட பெட்டியை வைத்துவிட வேண்டும். 31ஆம் நாள் வாக்கில் குட்டி போடும்.