ஜெர்டன் டாக்டரும் அப்பத்தாவின் எறும்புகளும்

எங்க நாச்சியாபுரத்து வீட்டில் எதுக்குப் பஞ்சம் வந்தாலும் எறும்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போட்டு அரைமணி நேரம் ஆகாது, வரிசை கட்டி வந்துவிடும். அப்பத்தா ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அடையாளம் காட்டுவாக. கருப்பா, பெருசா, மினுமினுன்னு நடந்து போனால் கட்டெறும்பு. காலில் ஏறினாலும் கடிக்காமல் தலைதெறிக்க ஓடினால் பிள்ளையார் எறும்பு. இத்தனூண்டு இருந்துகொண்டு சுள்ளுன்னு கடித்தால் அது செவத்த எறும்பு. மாமரத்தில் இலையை இலையோடு ஒட்டி வீடு கட்டுவது முசுறு.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. ஊரில் உள்ள எறும்பையெல்லாம் பிடித்து, காலி மாத்திரை டப்பாக்களில் பஞ்சு வைத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய துண்டுச்சீட்டு வைத்தேன். மொத்தத்தையும் பரணில் ஏற்றியாச்சு. அடுத்த கோடை லீவில் இறக்கிப் பார்த்தால் பஞ்சும் சீட்டும்தான் மிச்சம். உள்ளே ஒரு கால் கூட இல்லை. "எறும்ப எறும்பே தின்னுருச்சாப்பா" என்று அப்பத்தா சிரித்ததை இன்னும் மறக்கவில்லை. சீட்டில் வெறும் பேர் மட்டும்தான் எழுதியிருந்தேன். எங்கே பிடித்தேன், அது என்ன செய்துகொண்டிருந்தது, எதைத் தின்றது, ஒன்றும் கிடையாது. அதனால் சீட்டும் குப்பைக்குப் போனது.

இதே கதை என்னைவிட ரொம்பப் பெரிய ஒருவருக்கும் நடந்திருக்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவருக்கு முன்னாடி ஒரு சின்ன முன்கதை. நம்ம எறும்புகளுக்கு அறிவியல் பேர் வைக்கும் வேலை எங்கோ ஐரோப்பாவில் ஆரம்பித்தது. ஸ்வீடனின் லின்னேயஸிடம் படித்தவர் ஃபாப்ரிசியஸ். கீல் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கப்பலில் வந்து சேர்ந்த செத்த பூச்சிகளைப் பார்த்து லத்தீனில் ஓரிரு வரி எழுதி பேர் வைத்தார். 1775ல் முசுறுக்கு அவர் வைத்த பேர் ஸ்மராக்டினா, அதாவது மரகத நிறத்தது. நம்மூர் முசுறு செக்கச்செவேல்னு இருக்குமே, இதென்ன மரகதம் என்று தோன்றும். ராணி முசுறுதான் பச்சை. வேலைக்கார எறும்பைப் பார்க்கிற நமக்கு அந்தப் பேர் பொருந்தவே பொருந்தாது.

நம்ம வாசலில் நடக்கும் கட்டெறும்புக்கும் அவர்தான் பேர் வைத்தார். 1787ல், தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியை வைத்து. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. இன்றைக்கு அதன் முழுப்பேர் காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ்.

இனி நம்ம ஆளுக்கு வருவோம். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், 1811ல் பிறந்தவர். 1836ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக மெட்ராஸ் வந்து சேர்ந்தார். வைத்தியம் சம்பளத்துக்கு, பறவை பார்ப்பது சந்தோஷத்துக்கு. இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட தொகுதிகள்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. ஆந்திராவில் அழிந்தே போனதாக நினைத்து, 1986ல் கடப்பைப் பக்கம் மறுபடி கண்டுபிடித்தார்களே ஒரு பறவை, ஜெர்டன் கோர்சர், அதில் இருப்பது இவர் பேர்தான்.

பறவைக்காரர் என்று எல்லாருக்கும் தெரிந்த இந்த மனுஷன், 1851ல் மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ் என்ற இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். மொத்தம் 25 பக்கம். பட்டியல் என்று பேர்தானே தவிர, வெறும் பட்டியல் இல்லை. ஃபாப்ரிசியஸ் கீல் நகரத்தில் செத்த பூச்சியைப் பார்த்தார், ஜெர்டன் இங்கேயே இருந்து உயிரோடு பார்த்தார். அந்த வித்தியாசம் அவர் வைத்த பேர்களிலேயே தெரியும்.

தாடை நீளமாக மேல்நோக்கி வளைந்து, கண் பெரிசாக, ஆபத்து என்றால் தவ்வி ஓடும் ஒரு எறும்பு. அதற்கு ஹார்பெக்னாதோஸ் என்று புதுப் பேரினமே உண்டாக்கினார். அரிவாள் தாடை என்று பொருள். இனப்பேர் சால்டேட்டர், குதிப்பவன். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வரைக்கும் அது தாவும். வரிசையாக ஊர்வலம் போகும் இன்னொன்றுக்கு புரொசெஷனாலிஸ். ஒரே புற்றில் பொடிசும் பூதமுமாக இருக்கும் ஒன்றுக்கு டைவெர்ஸா. அதில் பெரிய வேலைக்காரியின் எடை சின்னதைப் போல 500 மடங்கு என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பொடி எறும்புக்கு டெஸ்ட்ரக்டர், அழிப்பவன். துணியையும் மின்சார ஒயரையும் அரித்துத் தள்ளும் என்று இன்றைக்கு உலகம் முழுக்கத் திட்டு வாங்குவது இதுதான். என் மாத்திரை டப்பாக்களைக் காலி செய்ததும் இவனாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம் :-)

கவனித்தீர்களா? குதிப்பவன், ஊர்வலக்காரன், அழிப்பவன். என்ன செய்கிறது என்பதை வைத்தே பேர். அப்பத்தா செய்ததும் அதேதான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒரு புது இனத்துக்குப் பேர் வைத்தால், எந்த உடம்பைப் பார்த்து வைத்தோமோ அதை அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாடி சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஜெர்டன் பார்த்த எறும்புகளில் பெரும்பாலானவை இன்றைக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. என் டப்பா மாதிரியே! எழுத்து மட்டும்தான் மிச்சம். ஆனால் அவருடைய சீட்டு குப்பைக்குப் போகவில்லை. உருவம், நிறம், வாழும் இடம், நடத்தை எல்லாம் எழுதி வைத்ததால், பிற்காலத்தில் வந்தவர்கள் காட்டில் அந்த எறும்பைப் பார்த்ததும் 'இதுதான் அது' என்று சொல்ல முடிந்தது. 1903ல் பிங்காம் எழுதிய இந்திய எறும்புகள் புத்தகத்தில் ஜெர்டனின் எறும்புகள் பல இடம் பிடித்தன.

எல்லாமே சரியாக எழுதினார் என்றும் சொல்ல முடியாது. அட்டா ரூஃபா என்று அவர் புதுசாகப் பேர் வைத்த செவத்த எறும்பு உண்மையில் அமெரிக்காக்காரன். 1804லேயே ஃபாப்ரிசியஸ் அதற்கு ஜெமினாட்டா என்று பேர் வைத்துவிட்டார். மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி அது ஆசியாவுக்கு வந்தது என்று 2015ல் மரபணு ஆய்வில் சொன்னார்கள். ஜெர்டன் அதை நம்மூர் எறும்பு என்றே நினைத்துவிட்டார். நீளக்கால் மஞ்சள் எறும்பு ஒன்றுக்கு லாஞ்சிப்ஸ் என்று வைத்தார். அந்தப் பேரை 1802லேயே வேறொரு எறும்புக்கு வைத்தாகிவிட்டது. அதனால் செல்லாமல் போய், 1857ல் ஸ்மித் வைத்த கிராசிலிப்ஸ் என்ற பேர் நிலைத்தது.

நடத்தையை மட்டும் பார்த்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. இமயமலையில் மரங்கள் முடிந்த பிறகு வருகிற உயரத்துப் புல்வெளிகளில் மிர்மிகா என்ற எறும்புக் கூட்டம் உண்டு. ஒன்றுக்கொன்று உரித்து வைத்த மாதிரி இருக்கும். உணர்கொம்பின் அடித்தண்டு எந்த இடத்தில், எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். சமயத்தில் ஆண் எறும்பும் வேண்டியிருக்கும். அங்கே அப்பத்தா முறை செல்லாது. உடம்பும் வேண்டும், எழுத்தும் வேண்டும்.

ஜெர்டன் 1872ல் காலமானார். அவருடைய குதிக்கிற எறும்பு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2010ல், முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் எறும்புகளில் ஒன்றானது. ராணி இல்லாமல் போனால் வேலைக்காரிகளே சண்டை போட்டு, ஜெயித்தவர்கள் முட்டையிட ஆரம்பிப்பார்கள். அப்போது அவர்கள் மூளை ஏறக்குறைய கால்பங்கு சுருங்கும். மறுபடி வேலைக்காரியாக மாறினால் மூளை பழையபடி வளரும். இதை 2021ல் வெளியிட்டார்கள். பரிசோதனைச் சாலையில் இத்தனை நடந்தும், சீட்டில் பேருக்குப் பின்னால் இன்னும் "ஜெர்டன், 1851" என்றுதான் எழுதுகிறார்கள்.

அப்பத்தா இப்போது இல்லை. கேட்டு வைத்த பேர்களில் நாலைந்துதான் ஞாபகம் இருக்கிறது. முள்ளு மரத்தில் தனியாக ஏறி இறங்கும், கருப்புத் தலையும் செவப்பு நடு உடம்புமாக, கொட்டினால் கண்ணில் தண்ணி வரும் எறும்பு ஒன்று உண்டு. அதுவும் ஜெர்டன் விவரித்ததுதான். ரூஃபோநைக்ரா என்று அவர் வைத்த பேர் எனக்குத் தெரிகிறது. அப்பத்தா சொன்ன பேர் மறந்துவிட்டது. ரெண்டு ராத்திரி யோசித்தும் வரவில்லை.

உங்க வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கொஞ்சம் கேட்டு வையுங்கள். பேரை மட்டும் எழுதாதீர்கள். எங்கே இருந்தது, என்ன செய்தது என்று பக்கத்திலேயே ரெண்டு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.