எழுத்தற்றவர் என்னும் அடைமொழி

ஆங்கிலத்தில் 'அன்லெட்டர்ட்' என்றொரு பெயரடை உண்டு. பேச்சில் அருகியே வரும். பழங்கவிதை படிப்போருக்குப் பழகியது. அகராதிகள் 'கல்லாத' என்று பொருள் கூறும். அச்சொல்லுக்குள் இருக்கும் 'லெட்டர்ஸ்' நம் 'எழுத்து' போலவே இரு பொருள் தருவது: அரிச்சுவடியும் அதுவே, இலக்கியமும் அதுவே. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாதவரை மட்டுமன்றி, தெரிந்தும் இலத்தீனும் கிரேக்கமும் பயிலாதவரையும் அது சுட்டிற்று.

1751இல் வெளியான தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற கல்லறைத் தோட்ட இரங்கற்பாவில், எளியோரின் நடுகற்களில் பெயரையும் ஆண்டையும் எழுதும் கலைத்தெய்வத்திற்கு இதுவே அடைமொழி. எழுதுபவளே எழுத்தற்றவள்! இரண்டாம் பொருளே இங்குப் பொருந்தும். அதில் பரிவு உண்டு. மேலிருந்து நோக்கும் பார்வையும் உண்டு.

அப்பார்வையின் விலையை அறிந்தவர் ஆன் யியர்ஸ்லி. பிரிஸ்டல் அருகே பால் விற்று வாழ்ந்தவர். முறையான பள்ளிக் கல்வி இல்லாதவர். ஆயினும் மில்டனை வாசித்தவர். வறுமையில் வாடிய அவரை 1784இல் அறிந்த எழுத்தாளர் ஹன்னா மோர், சந்தா திரட்டி அடுத்த ஆண்டே அவர் கவிதைகளை நூலாக்கினார். கல்லாத பால்காரி கவி பாடுகிறாள் என்ற வியப்பே நூலுக்கு முகவரியாயிற்று. வருவாயோ மோரும் எலிசபெத் மாண்டேகுவும் அறங்காவலராயிருந்த நிதியில் சேர்ந்தது. தம் கவிதை ஈட்டிய பணத்தைத் தம் பொறுப்பில் தருமாறு யியர்ஸ்லி கேட்டார். நன்றி மறந்தவர் என்ற பழியே கிடைத்தது. உறவு முறிந்தது.

1787இல் வந்த அவரது இரண்டாம் தொகுப்பில், 'எழுத்தற்ற கவிஞர்' ஒருவரை விளித்து எழுதிய கவிதை இருக்கிறது. கட்டுக்கதைக் கலைத்தெய்வங்களை அழைக்க வேண்டாம், ஊற்று உன் உள்ளத்திலேயே உள்ளது என்பது அதன் சாரம். சொல் அதேதான், சொல்பவர் மாறியதும் அது இரக்கத்தின் முத்திரையாயிராமல் தோழமையின் விளியாகிவிட்டது.

1793இல் யியர்ஸ்லி, ஹாட்வெல்ஸ் பகுதியில் வாடகை நூலகம் ஒன்றைத் திறந்தார். எழுத்தற்றவர் எனப்பட்டவரிடம் ஊரார் நூல் வாங்கிப் படித்தனர்.

இச்சொல்லைத் தமிழாக்கும்போது 'எழுத்தறிவற்ற' என்று நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். யார் யாரை நோக்கிச் சொன்னது என்பதைக் கேட்டறிந்த பின்னரே அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும்.