ஆபாசம்

கடற்கரையில் தோள்சாய்ந்து சுண்டல் தின்றிருந்த இணையரை ‘என்ன ஆபாசம் இது?’ என்று அதட்டினார் ஒரு காவலர். அந்தச் சொல் எனக்குத் தைத்தது. வடமொழியில் ‘ஆபாசம்’ என்றால் ஒளிர்தல், தோற்றம், போலித்தோற்றம். தருக்க நூலார் போலிக் காரணத்தை ‘ஹேத்வாபாசம்’ என்றனர். தமிழில் ‘ஆபாசம்’ அசுத்தம் என்ற பொருளாகி, இன்று காமக் கொச்சையில் வந்து நிற்கிறது. மாற்றாக நம்மிடம் ‘இடக்கர்’ என்ற சொல் உண்டு. ஆனால் அது அவையில் சொல்லக் கூசும் சொல்லுக்கே பொருந்தும், செயலுக்கு ஒட்டாது. ஆகவே ஆபாசமே இருக்கட்டும், அளவோடு. அந்த அளவைச் சட்டமே சொல்கிறது: குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் செய்யும் ஆபாசச் செயல் பிறருக்குத் தொல்லையானால்தான் குற்றம். சிறைத்தண்டனை 3 மாதம் வரை. பொதுவெளி உடலுறவு அதில் சிக்கும், தோள்சாய்தல் சிக்காது. கைது செய்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. தயங்காமல் கேளுங்கள்.