பி. சி. மகலனோபிஸ்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் (29 ஜூன் 1893 – 28 ஜூன் 1972) இயற்பியல் பயின்று, புள்ளியியலில் உலகப் புகழ் பெற்று, விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் பொருளாதாரத் திட்டமிடலுக்கு வடிவம் தந்த வங்காள அறிஞர். கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியிலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்ற அவர், 1915இல் நாடு திரும்புமுன் ஆசிரியர் ஒருவர் காட்டிய ‘பயோமெட்ரிகா’ என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். புள்ளியியல் அவரைப் பற்றிக்கொண்ட பின்னும் பிரசிடென்சியில் பல ஆண்டுகள் கற்பித்தது இயற்பியலே.

எந்த அளவீட்டிலும் எவ்வளவு பிழை கலந்திருக்கும் என்று முதலில் கேட்கும் இயற்பியலாளரின் பழக்கமே அவருடைய பணிகளை எல்லாம் இணைக்கிறது. 1926ஆம் ஆண்டு ஒடிசா வெள்ளத்துக்குப் பிராமணி ஆற்றுப் படுகை உயர்ந்ததே காரணம் என்றும், கரைகளை உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர்கள் கூறியபோது, ஏறத்தாழ 60 ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்று அவர் காட்டினார். 1936இல் அவர் வரையறுத்த ‘மகலனோபிஸ் தொலைவு’ என்பது, உயரம், தலையின் அகலம் போன்ற பல அளவுகளால் அறியப்படும் இரு மக்கட்குழுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை, அவ்வளவுகள் தம்முள் கொண்டுள்ள தொடர்பையும் கணக்கில் கொண்டு கூறும் அளவை ஆகும்.

1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், 1937 முதல் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பு வழியாக, அதாவது எல்லா நிலங்களையும் அளக்காமல் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த சில நிலங்களை மட்டும் அளந்து, மதிப்பிடத் தொடங்கினார். ஒரே பகுதியில் இரு தனி மாதிரிகளை எடுத்து இரு குழுக்களிடம் ஒப்படைத்து, அவர்களுடைய விடைகள் விலகும் அளவைக் கொண்டு களப்பணியின் பிழையை அறியும் முறை அவருடைய கொடைகளுள் மிகச் சிறந்தது எனலாம். கணக்கெடுப்பே தன்னைத் தணிக்கை செய்துகொள்ள அது வழிசெய்தது. இவ்வனுபவத்தின் மேல் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு எழுந்தது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956–61) அவர் வகுத்த மாதிரியம், முதலீட்டில் பெரும்பங்கை எஃகு, இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் தொழில்களுக்கு ஒதுக்கினால் தொடக்கத்தில் நுகர்வு குறைந்தாலும் நெடுங்கால வளர்ச்சி விரைவுபடும் என்றது. பொருளியலாளர் பி. ஆர். ஷெனாய் 1955இலேயே எழுத்து வழி மறுப்பைப் பதிவு செய்து, பற்றாக்குறை நிதியால் விலைவாசி உயரும் என்று எச்சரித்தார். பொருளியலாளர்களான வக்கீலும் பிரம்மானந்தாவும் உணவு முதலிய கூலிப் பொருள்களுக்கே முன்னுரிமை கோரினர். அயல்நாட்டு வணிகத்துக்கு அம்மாதிரியம் இடம் தராதது பெருங்குறை. திட்டம் தொடங்கிய சில காலத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி தோன்றியது. வயல்களில் பிழையை அத்தனை கவனமாக அளந்தவர், திட்டத்தின் எடுகோள்களை அதே கண்டிப்புடன் சோதிக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

மாதிரியம் பின்னர் செல்வாக்கிழந்தது, கணக்கெடுப்பு நிலைத்தது. 1971இல் பொருளியலாளர்களான தாண்டேகரும் ராத்தும் இந்திய வறுமையை மதிப்பிட்டது, அது திரட்டிய குடும்பச் செலவுத் தரவுகளைக் கொண்டே.