கோவை மறைமாவட்டத்தின் தொடக்கமும் உள்ளூர்க் குருக்கள் விவாதமும்

கொங்கு நாட்டில் கத்தோலிக்க மறைப்பணியைத் தொடங்கியவர்கள் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள். இராபர்ட் தெ நொபிலி 1623ல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். கருமத்தம்பட்டி இப்பணியின் பழைய மையங்களில் ஒன்று. 1773ல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் பொறுப்பு பாரிஸ் அந்நிய மறைப்பணிச் சபையிடம் வந்தது.

குருக்கள் சிலரே இருந்தனர். ஊர்களோ ஒன்றுக்கொன்று வெகுதொலைவு. குரு ஆண்டில் சில நாட்கள் வந்து திருப்பலி நிறைவேற்றிச் செல்வார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்தி, ஞானோபதேசம் கற்பித்து, இறந்தவரை அடக்கம் செய்து சபையைக் காத்தவர் உபதேசியார். அந்த உபதேசியாரின் மகனோ, ஊரார் பிள்ளையோ குருவாகலாமா என்பதே அன்றைய பெரிய கேள்வி.

1844ல் புதுச்சேரியில் கூடிய மறைப்பணியாளர் மன்றம் உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் உரோமையும் அதையே ஆணையாக அனுப்பியது. அதை எழுத்தளவில் விடாமல் முழு மனதோடு எடுத்துக்கொண்டவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் (1813–1859). பிரான்சின் காஸ்டெல்நோதரியில் பிறந்து 1842ல் புதுச்சேரிக்கு வந்தவர். சேலத்தில் தமிழ் கற்று, புதுச்சேரி இளங்குருமடத்தின் தலைவரானார். 1846 அக்டோபர் 4ல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். 1850ல் கோவை தனி மறைப்பணி மாநிலமானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

கருமத்தம்பட்டியில் அவர் குருமடம் நடத்தினார். குருவாக இலத்தீனும் இறையியலும் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். பணமும் ஆசிரியர்களும் குறைவு. அதைவிடப் பெரிய தடை உடன் உழைத்த ஐரோப்பியக் குருக்கள் பலரின் மனநிலை. உள்ளூர்க் குரு தங்களுக்கு உதவியாளராக இருக்கலாம், சமமானவராக அல்ல என்று அவர்கள் எண்ணினர். பிரெசிலாக்கின் நோக்கமோ ஒருநாள் திருச்சபையின் பொறுப்பு முழுவதையும் உள்ளூராரிடம் ஒப்படைப்பது.

இதனுடன் ‘மலபார் சடங்குகள்’ சிக்கலும் சேர்ந்தது. சாதி வழக்கங்கள், திருமணச் சடங்குகள் ஆகியவற்றில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை 1744ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வரையறுத்திருந்தார். அதற்குக் கீழ்ப்படிவதாக ஒவ்வொரு குருவும் உறுதிமொழி எடுக்க வேண்டும். (ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்குகூட இந்த விவாதத்தில் இடம்பெற்றது, இந்நாட்டு மக்களின் அருவருப்பை நினைத்தால் அது வியப்பல்ல.) நடைமுறையில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. மனசாட்சி உறுத்த, தெளிவு வேண்டி பிரெசிலாக் உரோமைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். எதிர்பார்த்த விடை வரவில்லை. 1854ல் நேரில் சென்றார். 1855ல் அவரது பதவி விலகல் ஏற்கப்பட்டது. அவர் இன்னும் பொறுத்திருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் மனம் ஒப்பாத உறுதிமொழியைப் பிறரிடம் வாங்கும் பதவி அது.

கொங்கு நாட்டில் முடியாததை அவர் ஆப்பிரிக்காவில் முயன்றார். 1856 டிசம்பர் 8ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கியவர் ஆறே வாரங்களில், ஜூன் 25ல், மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். அச்சபை இன்றும் இயங்குகிறது. கோவை தூய மிக்கேல் பேராலயப் பணி 1867ல் நிறைவுற்றது. தற்கால இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயராகத் தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் பொறுப்பேற்றது 1923ல். மலபார் சடங்கு உறுதிமொழியை உரோமை கைவிட்டது 1940ல்.