ஸ்காட்லாந்தின் வைப்புத் தலங்கள்

நம்மில் 108 திவ்ய தேசம் சேவித்து வந்தவர்கள் உண்டு. பாடல் பெற்ற தலங்களை டைரியில் எழுதி வைத்து, போய் வந்ததையெல்லாம் டிக் அடிக்கிறவர்களும் உண்டு. இன்னும் தீவிரமானவர்கள் வைப்புத் தலங்களைத் தேடிப் போவார்கள். அந்தக் கோயில்களுக்குத் தனிப் பதிகம் கிடையாது. ஏதோ ஒரு பாட்டில் பெயர் மட்டும் வந்திருக்கும். வயலுக்கு நடுவில் கோயில் இருக்கும், குருக்களை வீட்டிலிருந்து கூட்டி வரவேண்டியிருக்கும்.

பிரிட்டனில் கால்பந்து மைதானங்களுக்கு இப்படி யாத்திரை போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. 'கிரவுண்ட்ஹாப்பர்' என்று பெயர். ஸ்காட்லாந்து லீக்கில் மொத்தம் 42 கிளப்புகள். அவற்றைப் பாடல் பெற்ற தலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முடித்தவர்கள் லீக்குக்கு வெளியே உள்ள குட்டி மைதானங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

என் தங்கை குடும்பம் கிளாஸ்கோவில் இருக்கிறது. கல்கத்தாவில் பூஜா லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டுக்கொண்டு போனேன். தங்கமணியும் பிள்ளைகளும் எடின்பரோ கோட்டை பார்க்கப் போக, நானும் மாப்பிள்ளையும் மைதானம் பார்க்கப் போனோம். "அங்கேயும் புல்லுத்தரைதானே, இதுக்கு மைதான் போதாதா?" என்று தங்கமணி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. புல்லுத்தரைதான். ஆனால் பி.காமில் கம்பெனிச் சட்டம் படித்து, இத்தனை வருஷமாக அடுத்தவர் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தே சோறு தின்கிறவனுக்கு அந்தப் புல்லில் வேறொரு கணக்கு தெரிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 'ஜூனியர்' கால்பந்து என்றால் சின்னப் பசங்க ஆட்டம் இல்லை. மீசை வைத்த பெரியவர்கள் ஆடுவதுதான். அது வயதைக் குறிக்கிற சொல் இல்லை, தனி அமைப்பைக் குறிக்கிற சொல். 1886-ல் ஜூனியர் சங்கம் உருவானது. சுரங்க ஊர், நெசவு ஊர், கப்பல் கட்டும் பேட்டை எல்லாவற்றுக்கும் ஒரு ஜூனியர் கிளப். சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1951-ல் பீட்டர்ஸ்ஹில்லும் இர்வின் மெடோவும் மோதிய ஜூனியர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 77,650 பேர்! லீக்கில் சேராததால் இவர்கள் தனி உலகமாகவே இருந்தார்கள். 2018-ல் கிழக்குப் பகுதி கிளப்புகள் பலவும், 2020-ல் மேற்குப் பகுதி கிளப்புகளும் பொது ஏணியில் ஏறிவிட்டன. இப்போது கீழே இருந்து ஜெயித்து ஜெயித்து லீக்குக்கே போகலாம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நாங்கள் போன முதல் இடம் கிளாஸ்கோவின் தெற்கே உள்ள கேத்கின் பார்க். 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடியதுதான் உலகின் முதல் சர்வதேச ஆட்டம். அந்த உற்சாகத்தில் இரண்டே வாரத்தில், தேர்ட் லானார்க்ஷயர் என்ற தொண்டர் படையின் சிப்பாய்கள் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். அதுதான் தேர்ட் லானார்க். 1890-ல் ஸ்காட்டிஷ் லீக்கைத் தொடங்கிய கிளப்புகளில் ஒன்று. 1889-லும் 1905-லும் கோப்பை, 1904-ல் லீக் பட்டம். 1960-61 சீசனில்கூட 34 ஆட்டத்தில் 100 கோல் போட்டு மூன்றாம் இடம்.

அடுத்த ஆறு வருஷத்தில் கதை முடிந்துவிட்டது. 1967 ஏப்ரலில் டம்பார்ட்டனில் 5-1 தோல்வி, அதுவே கடைசி ஆட்டம். கம்பெனி கலைக்கப்பட்டது. அரசாங்க விசாரணை நடந்து, கம்பெனிச் சட்டத்தை மீறியதாக இயக்குநர்கள் சிலருக்கு அபராதம் விழுந்தது. ஆக, அந்த கிளப் மைதானத்தில் தோற்றுச் சாகவில்லை, ஆபீஸ் அறையில் செத்தது.

மைதானம் இப்போது பொதுப் பூங்கா. ரசிகர்கள் நின்று பார்த்த சிமெண்ட் படிகள் அப்படியே இருக்கின்றன. சாய்ந்துகொள்ளும் கம்பித் தடுப்புகள்கூட இருக்கின்றன. படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து நெடுமரமாகிவிட்டன. சிதிலமான கோயில் கோபுரத்தில் அரசமரம் முளைத்திருக்குமே, அந்த மாதிரி.

இரண்டாவது கணக்கு கிரெட்னா. இங்கிலாந்து எல்லையில், மூவாயிரம் பேர் அளவிலான ஊர். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்குப் பேர்போன இடம். அந்த ஊர் கிளப் 2002-ல் லீக்கில் இடம் பெற்றது. பிறகு புரூக்ஸ் மைல்சன் என்ற பணக்காரர் அதில் பணத்தைக் கொட்டினார். 2005, 2006, 2007 என்று வரிசையாக மூன்று வருஷம் மேல்வகுப்புக்குத் தாவி உச்ச லீக்குக்கே போய்விட்டது. நடுவில் 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், பெனால்டியில்தான் ஹார்ட்ஸிடம் தோற்றார்கள். ஊர் மைதானம் உச்ச லீக்குக்கு லாயக்கில்லை என்று, சொந்த ஆட்டங்களை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதர்வெல்லில் ஆடினார்கள். 2008 ஏப்ரலில் ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர்.

அதற்குள் மைல்சன் நோயில் படுத்துவிட்டார். பணம் நின்றது. 2008 மார்ச்சில் நிர்வாகம் நீதிமன்ற வழிக்குப் போய், சில மாதங்களில் கிளப்பே இல்லாமல் போனது. ஒரே ஒரு ஜாமீன்தாரரை நம்பிக் கொடுத்த கடன் மாதிரி! ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அதே வருஷம் 'கிரெட்னா 2008' என்று பெயரிலேயே வருஷத்தைப் பொறித்துப் புது கிளப் ஆரம்பித்து, அடித்தட்டிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். பிறகு பழைய மைதானமான ரேடேல் பார்க்குக்கே திரும்பியும் விட்டார்கள்.

மூன்றாவது ஆக்கின்லெக். அயர்ஷயரில் ஒரு சுரங்க ஊர். அங்கே 1909-ல் தொடங்கிய கிளப் ஆக்கின்லெக் டால்பட். ஜூனியர் கோப்பையை அதிக முறை ஜெயித்தவர்கள் இவர்கள்தான். எனக்கு முக்கியமாகப் பட்டது தேதிகள். 1984-85-ல் பிரிட்டனின் நிலக்கரித் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். டால்பட் கோப்பையை ஜெயித்தது 1986, 1987, 1988 என்று தொடர்ந்து மூன்று முறை. 1989-ல் பக்கத்து பேரனி சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சம்பளம் கொடுத்த சுரங்கம் போய்விட்டது, கிளப் போகவில்லை. 2019 ஜனவரியில் பல படி மேலே இருந்த ஏர் யுனைட்டடை 1-0 என்று கோப்பையிலிருந்தே வெளியேற்றினார்கள். நாங்கள் போன அன்று வாசலில் டிக்கெட் கிழித்த பெரியவரே இடைவேளையில் பரிசுச் சீட்டும் விற்றார். பந்து வேலிக்கு வெளியே போனால் எடுத்து வந்ததும் அவர்தான். டீயும் மக்ரோனி பையும் விற்ற அம்மா, "சைவமா? அப்போ இதைச் சாப்பிடுப்பா" என்கிற மாதிரி தட்டை நீட்டினார். அவர் பேசிய இங்கிலீஷ் பாதி புரியவில்லை, பை நன்றாகப் புரிந்தது.

கடைசியாக டார்வெல். பென்சிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் பிறந்த பண்ணை இதன் பக்கத்தில்தான். 2023 ஜனவரி 23 அன்று ஆறாம் நிலையில் இருந்த இந்த கிளப், உச்ச லீக்கின் அபெர்டீனை 1-0 என்று தோற்கடித்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், டார்வெலின் எழுச்சிக்குப் பின்னால் உள்ளூர் பேக்கரி முதலாளி ஒருவரின் பணமும் இருந்தது. பணம் வருவது குற்றமில்லை. அந்தக் கை விலகும்போது வேறு கைகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

டார்வெலிலிருந்து நியூமில்ன்ஸைத் தாண்டினால் கால்ஸ்டன். கல்கத்தாவாசியான எனக்கு இந்த ஊர் விசேஷம். 1936-ல் எங்கள் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் முகமது சலீம் செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடினார். பூட்ஸ் கிடையாது, காலில் துணிக்கட்டு மட்டும். அதில் ஒரு ஆட்டம் இந்த கால்ஸ்டன் கிளப்புக்கு எதிராகத்தான், செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. இருக்கச் சொல்லிக் கேட்டும் சலீம் ஊர் ஞாபகம் தாங்காமல் திரும்பிவிட்டார் (நமக்குப் புரியாததா!). கால்ஸ்டன் கிளப்போ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலைந்துபோனது. அது இருந்ததற்கு இன்று நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையும் ஒரு சாட்சி. வைப்புத் தலம் என்பது இதுதானே?

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கோப்பைகளும் பழம்பெருமையும் ஒரு கிளப்பைக் காப்பாற்றவில்லை. தேர்ட் லானார்க்கிடம் இரண்டும் இருந்தன. பெரும் பணமும் காப்பாற்றவில்லை, கிரெட்னாவிடம் அது இருந்தது. காப்பாற்றியது டிக்கெட் கிழித்து, சீட்டு விற்று, டீ போட்டு, பந்து பொறுக்குகிற பத்துப் பதினைந்து பேர்.

வெளியூரில் இருக்கிற நமக்கும் ஒரு சங்கம், ஒரு பஜனை மடம், ஒரு தமிழ் நூலகம் ஏதாவது இருக்கும். அதில் அதே நாலு பேர்தான் நாற்காலி தூக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. இந்த வருஷச் சந்தாவைக் கட்டிவிடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாற்காலியின் இன்னொரு முனையைப் பிடியுங்கள்.